கல்லுப்பும் குச்சிக்கிழங்கும்

உங்கள் அம்மாவுக்குத் தைராய்டு குறைவு என்று டாக்டரம்மா மாத்திரை எழுதினார். மாத்திரை வேண்டாம், சாப்பாட்டிலேயே சரியாக்கிவிடலாம் என்று நான் சொன்னேன். பாக்கெட் உப்பை நிறுத்திவிட்டுக் கல்லுப்பு வாங்கினேன். நம் காட்டில் பிடுங்கிய குச்சிக்கிழங்கை, அதுதான் மரவள்ளியை, அவித்துத் தினமும் காலையில் கொடுத்தேன். மூன்று மாதத்தில் அவள் கழுத்து லேசாக வீங்கிவிட்டது.

மறுபடி கூட்டிப்போனபோது டாக்டரம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். நான் பெருமையாகவே எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏனுங்க, அந்தக் கல்லுப்புல அயோடின் சேர்க்கறதில்லீங்க. குச்சிக்கிழங்கு தினமும் தின்னா, இருக்கற அயோடினையும் ஒடம்புல சேர உடாது. மாத்திரையாச்சும் போடறாங்களா?"

உங்கள் அம்மாதான் பதில் சொன்னாள்.

"போடறேனுங்க. அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சு, இவரு தோட்டத்துக்குப் போனதும் முழுங்கறேன். ஊட்டு வைத்தியருக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்குவாருங்க."

"நல்ல வேளை, அதனாலதான் இதோட நின்னுச்சு," என்றார் டாக்டரம்மா.

அயோடின் உப்பு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். கிழங்கு எப்போதாவதுதான் அவிக்கிறோம். கீரை, முட்டை, காலை நடை எல்லாம் உண்டு. ஆனால் தினமும் விடிந்ததும், வெறும் வயிற்றில் போட மாத்திரையையும் தண்ணீரையும் நானே அவள் கையில் கொடுக்கிறேன்.