டெய்சியின் அவசரம்

ஆரியசாலைச் சந்து முடிந்து பெரிய சாலைக்கு வந்ததும் அத்தை நடையைக் குறைத்தாள். ஓடினால் பார்ப்பார்கள், நடந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்றாள். அவள் கையில் இரண்டு சேலையும் என் சட்டைகளும் அடைத்த அரிசிப்பை. என் கையில் ஒரு மலையாள வாரப் பத்திரிகை. தம்பானூர் ரயில்வே ஸ்டேஷன் வரும்வரை அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுச் சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். பூட்டிய வீட்டுக்குள் அத்தை இருக்கிறாள் என்ற நிம்மதியில் அவர் அதை வழக்கம்போல் இடுப்பில் செருகிக்கொண்டார்.

மாமாவுக்கு ஆரியசாலையில் ஒரு மொத்த அரிசிக் கடையில் வேலை. குடிக்கமாட்டார், பீடி கிடையாது. தெருவில் அவரை யாரும் குறை சொல்லமாட்டார்கள். காலையில் போகும்போது அத்தையை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டுவார், அவ்வளவுதான். அவளுடைய போனையும் அவரே வைத்திருந்தார். சில நாள் அடிப்பார். செங்கல் சூளை சூளையாக அலைந்துகொண்டிருந்த என் அப்பா அம்மாவிடம் படிக்க வைக்கிறேன் என்று சொல்லி என்னைக் கூட்டி வந்தவரும் அவர்தான். அந்த வாக்கைக் காப்பாற்றினார். பக்கத்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்.

பள்ளி விட்டதும் கடைக்குப் போய்ச் சாவி வாங்குவேன். கதவைத் திறந்து, அத்தை போட்டுத் தரும் காப்பியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, மறுபடி பூட்டி, சாவியையும் காப்பியையும் மாமாவிடம் கொடுப்பேன். பிறகு திரும்பி வந்து ஜன்னலுக்கு வெளியே படியில் உட்காருவேன். அப்போதுதான் எங்களுக்கு டெய்சி வருவாள்.

மாடி வீட்டுச் சேச்சி படித்து முடித்த பத்திரிகையை, "வாயிச்சிட்டுத் தா மோனே" என்று, படித்ததும் திருப்பித் தரச் சொல்லிக் கொடுப்பாள். அதில் வாராவாரம் ஒரு தொடர்கதை. அத்தைக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். எனக்கு மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். கம்பிக்கு வெளியே நான் படித்துத் தமிழில் சொல்ல, உள்ளே அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு கேட்பாள்.

டெய்சி மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் மாட்டிக்கொண்ட பெண். சொத்துக்காக அவளை அடைத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் அவளைக் கொல்ல யாராவது வருவார்கள். ஒவ்வொரு வாரமும் அவள் பிழைத்துக்கொள்வாள். அழுவது மட்டும் கிடையாது. அது அத்தைக்கு மிகவும் பிடித்திருந்தது. டெய்சிமேல் ஆசை வைத்திருந்த ஒரு ஜீப் டிரைவரும் உண்டு. அவன் கண்ணைப் பற்றியே அரைப் பக்கம் வரும்.

"அவன் கண்ணு கெடக்கட்டும் மக்கா. அவ சன்னல் கம்பிய அறுத்தாளா இல்லியா?"

அறுத்த பிறகு, "அந்தக் கண்ணு வந்த எடத்த இன்னொரு மட்டம் படி" என்பாள்.

பின்கட்டுச் சுவர் ஏறினால் முழங்கால் முறியுமா, கையில் காசில்லாமல் டெய்சி எங்கே தூங்குவாள் என்றெல்லாம் கேட்பாள். கதையில் இல்லாத கேள்விகள். எனக்குத் தோன்றியதைச் சொல்வேன். ரயில்வே ஸ்டேஷனில் தூங்குவாள் என்று சொன்னதும் நான்தான்.

அந்த வாரத்தின் கடைசி வரியில் டெய்சி கதவருகே நின்று, "இனி அவசரம் நோக்கணம்" என்று நினைக்கிறாள். மலையாளத்தில் அவசரம் என்றால் நல்ல வாய்ப்பு, தோதான நேரம். அதற்குக் காத்திருக்க வேண்டும் என்பது பொருள். எனக்குத் தெரிந்ததோ தமிழ் அவசரம்.

"இனிமே அவசரம்னு நெனைக்கா, அத்தை."

கீரை உருவிய கை நின்றது. "அவசரம்னா போட்டிருக்கு?"

"ஆமா. அவசரம்."

"காத்துட்டு இருக்கலாம்னு போடலியா?"

"இல்லியே. அவசரம்னுதான் இருக்கு." எழுத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

அவள் அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் நான் கதவைத் திறந்தபோது பை கட்டித் தயாராக இருந்தது. காப்பியும் தயாராக இருந்தது. அத்தை வெளியே வந்து நிற்க, நான் காலி வீட்டைப் பூட்டினேன். "எப்பவும்போல கொண்டு குடு. காப்பி எப்படின்னு கேளு. பொறவு கோயில் வளைவுக்கு வா" என்றாள். கேட்டேன். சர்க்கரை கம்மி என்றார் மாமா.

வளைவில், நானும் வரணுமா என்று கேட்டேன். "நீ வரலேன்னா எனக்கு யாருல படிச்சுக் காட்டுவா?" என்று பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என் படிப்பு அத்தோடு நின்றது.

ஊருக்குப் போகலாமே என்றேன். ஊருக்குப் போனால் சொந்தக்காரர்களே திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள் என்றாள். அன்று ரயில்வே ஸ்டேஷனில் தூங்கினோம், டெய்சிக்கு நான் சொன்ன மாதிரியே.

பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். அவசரத்தின் மலையாள அர்த்தம் தெரிய ரொம்ப நாள் ஆகவில்லை. என் பிழையை நம்பித்தான் அவள் கிளம்பினாள் என்று வெகுகாலம் பெருமையாகக்கூட நினைத்திருந்தேன். எழுத்துத்தான் அவளுக்குத் தெரியாது. மலையாளப் பேச்சு என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அதே ஜன்னல் வழியாக மீன்காரியோடு மலையாளத்தில் சண்டை போட்டு விலை குறைத்தவள் அவள். அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தமும் அறிந்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள் என்பது அந்த வயதில் என் புத்திக்கு எட்டவில்லை.

ஸ்டேஷனில் தூங்கிய மறுநாள் காலை, கழக்கூட்டம் என்ற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். ஒரு பெண்கள் விடுதியின் கேட்டில் மலையாளத்தில் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. என்ன போட்டிருக்கு என்றாள் அத்தை. எழுத்துக் கூட்டினேன்.

"தொழில்... அவசரம்."

"அவங்களுக்குமா?" என்று மறுபடி சிரித்தாள். "சரி, வா."

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு விடுதிச் சமையல்கட்டு. எனக்கு எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவும் வேலை.