இரண்டாம் மாடியில் மஞ்சள் கவுன்

அன்றைக்கு அந்தக் கடைக்குள் யார் யார் இருந்தோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. நான், என் வீட்டுக்காரர் முருகன், எங்கள் மகள் யாழினி, பழைய சாமான் வாங்கி விற்கும் கரீம் பாய், வாசலில் வாட்ச்மேன் ஏழுமலை அண்ணன். அவ்வளவுதான். வேறு ஆள் கிடையாது, ஒரு பூனைகூடக் கிடையாது.

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் பயமெல்லாம் வேறே. சிலிண்டரை மூடினேனா, எண்ணூர் ரோட்டில் லாரி யார் மேலாவது ஏறிவிடுமா, பிள்ளைக்குத் தொண்டையில் மீன் முள் சிக்கிக்கொள்ளுமா, இதற்கே எனக்குப் பொழுது போதாது, செத்தவர்களை நினைத்துப் பயப்பட ஏது நேரம்? எட்டாவதோடு நின்றவள்தான், ஆனால் கண்டதையும் நம்புகிறவள் இல்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மூன்று மாடித் துணிக்கடை அது. பெயர் வேண்டாம். எங்கள் பக்கம் ‘ஓடுற படிக்கட்டுக் கடை’ என்றால் எல்லாருக்கும் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமையானால் காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள், துணி எடுக்க இல்லை, அந்தப் படிக்கட்டில் ஏறிப் பார்க்க. முதல் படியில் கால் வைக்கப் பயந்து புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நிற்பாள், பின்னால் வரிசையே கத்தும். தீபாவளிக்குக் கயிறு கட்டித்தான் ஆளை உள்ளே விடுவோம். அந்தக் கூட்டத்தில் பிள்ளைகள் தொலையாமல் இருக்குமா? தொலைந்த பிள்ளைகளை மைக்கில் அறிவிப்பதுதான் என் வேலை. குரல் கணீரென்று இருக்கிறது என்று மேனேஜர் என்னை அதில் போட்டார்.

அதில் ஒரு கண்டிப்பு உண்டு. பிள்ளையின் பெயரை மைக்கில் சொல்லவே கூடாது. பெயர் தெரிந்துவிட்டால் எவன் வேண்டுமானாலும் வந்து கூப்பிட்டு அழைத்துக்கொண்டு போய்விடலாம் இல்லையா. அதனால் உடுப்பின் நிறத்தை மட்டும் மூன்று தடவை சொல்லுவேன். பிள்ளையிடம் பெயரைத் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்வேன். வருகிறவர் அதே பெயரைச் சொன்னால்தான் பிள்ளையை விடுவோம். பேசுவதற்கு முன் மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவது என் பழக்கம்.

பிறகு மெட்ரோ வந்தது, ஜனங்கள் அதில் ஏறிப் போய் வேறு கடைகளைப் பார்த்தார்கள், அப்புறம் எங்கேயும் போகாமல் போனிலேயே வாங்கினார்கள். எங்கள் கடையில் முதலில் அந்தப் படிக்கட்டை நிறுத்தினார்கள், பிறகு மேல் மாடிக்கு ஏசியை, பிறகு மேல் மாடியையே பூட்டினார்கள். கடைசியில் வருகிற ஜனத்தைவிட நிற்கிற நாங்கள் அதிகம். ஒருநாள் ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

போன வருஷம், வீட்டு முன்னறையில் ரவிக்கைத் துணி வைத்து விற்கலாம் என்று எனக்கு ஒரு எண்ணம். அந்தக் கடைச் சாமான்களை கரீம் பாய் மொத்தமாக எடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கண்ணாடி ரேக் பார்க்கப் போனோம். பட்டப்பகல்தான். மின்சாரத்தை எப்போதோ துண்டித்துவிட்டார்கள், பாதி தூக்கிய ஷட்டர் வழியாக வந்த வெயில்தான் உள்ளே வெளிச்சம்.

“ரெண்டு ரேக்கு, உனக்குன்றதால அஞ்சாயிரத்து ஐநூறு தங்கச்சி” என்றார் பாய்.

“இன்னா பாய், செத்துப்போன கடைல கீற ரேக்குக்கு இவ்ளோ வெலையா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“கடதான் நைனா செத்துச்சு. ரேக்கு குத்துக்கல்லாட்டம் கீது பாரு.”

பாய் ஒரு ரூபாய் இறங்கவில்லை, அதே விலைக்கு முடித்து இரண்டாயிரம் முன்பணம் கொடுத்தோம். இத்தனை நேரமும் யாழினியின் கையை நான் விடவில்லை. அவளுக்கு அந்த நின்றுபோன படிக்கட்டில் ஏற ஆசை, எனக்கு அதன் பல் பல்லான விளிம்பில் விழுந்து தாடையைக் கிழித்துக்கொள்வாளோ என்று பயம். மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். நம்பினால் நம்புங்கள், நான் சொல்வதில் ஒன்றே ஒன்று சத்தியம் செய்யச் சொன்னால் இதைச் செய்வேன், அவள் கை என் கையில்தான் இருந்தது.

அப்போதுதான் மேலே டொக் டொக் என்று இரண்டு தட்டு.

“வாடிக்கையாளர்கள் கவனத்திற்கு. மஞ்சள் கவுன் அணிந்த பெண் குழந்தை இரண்டாம் மாடியில் நம்மிடம் இருக்கிறது. பெற்றோர் உடனே வரவும்.”

என் குரல்.

“எவன்டா மேல?” என்று பாய் கத்தினார். “ஏழுமல, இன்னாய்யா வெளாட்டு?”

ஏழுமலை அண்ணன் ஷட்டருக்கு வெளியே டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார், அவர் கால் எங்களுக்குத் தெரிந்தது. மேலே அந்தக் குரல் இரண்டாவது தடவை சொன்னது. என் வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்தார். “செல்வி, உன் வாய்ஸு மாதிரியே கீதுடி.” யாழினி நிமிர்ந்து என் வாயைப் பார்த்தாள். “அம்மா, நீ பேசவே இல்லியே?”

மூன்றாவது தடவை. அதோடு அணைத்துவிடவேண்டும், ஆனால் மைக் திறந்தே கிடந்தது. அதில் ஒரு பிள்ளை அழுதது. விக்கி விக்கி, நடுவில் மூக்கை உறிஞ்சி, ‘ம்மா’ என்று. பெற்றவளுக்குத் தன் பிள்ளையின் அழுகை தெரியாதா? அது யாழினியின் அழுகை. என் கால் தானாகப் படிக்கட்டுப் பக்கம் போனது, இரண்டு படி ஏறியும்விட்டேன்.

“போவாத மா” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள் கீழே நின்றவள்.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மேலே அழுவது என் பிள்ளை, கையைப் பிடித்திருப்பதும் என் பிள்ளை. எதை விடுவது, எதை எடுப்பது? புத்தி கலங்கினால் கை பழகிய வேலையைத்தானே செய்யும், நான் குனிந்து அவள் முகத்துக்கு நேராக, தொலைந்த பிள்ளைகளிடம் கேட்பது போலவே கேட்டேன். “உன் பேரு இன்னா கண்ணு?”

“யாழினி” என்றாள்.

மேலேயும் அழுகை நின்றது. “யாழினி” என்றது ஸ்பீக்கர். இரண்டும் ஒரே நேரத்தில். அங்கேயும் யாரோ குனிந்து கேட்டிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்து என் கையிலிருந்து பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். நான் அவர் பின்னால் ஓடினேன், எனக்குப் பின்னால் பாய். வெளியே வெயிலில் வந்து விழுந்தோம். ஏழுமலை அண்ணன் தனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று சாதித்தார், ஆனால் டீ முழுவதும் அவர் சட்டையில் கொட்டியிருந்தது. “மைக் செட்டு, ஸ்பீக்கரு ஒயரு எல்லாத்தியும் போன வாரமே கயட்டி வித்துட்டேன் நைனா” என்று பாய் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து பிள்ளையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். முழங்காலில் தழும்பு, காதுக்குப் பின்னால் மச்சம், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. தயிர்சாதத்தை முன்பு போலவே பாதி தின்று பாதி வைக்கிறாள். எவனோ செய்த வேலை என்கிறார் என் வீட்டுக்காரர், சரி, இருக்கட்டும். ஆனால் நான் இப்போதெல்லாம் அவளை யாழினி என்று சத்தமாகக் கூப்பிடுவதில்லை. பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். பெயரைச் சொன்னால் இவள் வருவாள், கூடவே இன்னொன்றும் வந்து நின்றால் என்ன செய்வேன்?

ரேக் இரண்டையும் பாய் வேறு ஆள் வைத்து ஏற்றி அனுப்பினார், அவர் அந்தக் கடைக்குள் மறுபடி போகவில்லை. சாமான் வந்த அன்று சாயங்காலம் போன் செய்தார். பாக்கிக்காக என்று நினைத்து எடுத்தேன்.

“காசுக்குப் போன் பண்ணல தங்கச்சி, அது கெடக்கட்டும். மனசுல ஒண்ணு உறுத்திக்கினே கீது. அன்னிக்குக் கடைசியா ஓடியாந்தது நானு. நைனா தோள்ல பாப்பா கீது, கண்ணால பாத்தேன். அப்போ உன் கையப் புடிச்சிகினு கூடவே ஒரு மஞ்சக் கவுனு ஓடியாந்துச்சே, அது யாரு மா?”

போனை வைத்துவிட்டேன். வாசல் தாண்டும்போது என் கை வெறுமையாக இருந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், உள்ளங்கை வியர்த்திருந்தது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு பாயின் போனை நான் எடுப்பதே இல்லை. பணத்தை அனுப்பினால் வந்துசேர்ந்தது என்று சொல்லக் கூப்பிடுவார், கூப்பிட்டால் மறுபடியும் அதைக் கேட்பார். நல்ல மனிதர், அவரை ஏமாற்றவேண்டும் என்று எனக்கு இல்லை. அவருக்கு நான் தரவேண்டியது இன்னும் அப்படியே நிற்கிறது, மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.