சிவப்பு டிக் போட்ட பக்கம்

இங்கிலாந்தில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், காலை எட்டு மணிக்குத் தேநீர் கொடுப்பது என் பொறுப்பு. எங்கள் வீட்டில் டம்ளரை விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தால்தான் மரியாதை. ஒரு விரற்கடை குறைந்தாலும், வந்தவர் தெருமுனை தாண்டுவதற்குள் நம் கஞ்சத்தனம் ஊருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில், எண்பத்தெட்டு வயது மார்கரெட் அம்மாளுக்குக் கோப்பையைத் தளும்பத் தளும்ப நீட்டினேன். அவர் நடுங்கும் தன் கையைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், "தட்ஸ் டூ ஃபுல் எ கப், லவ்" என்று இந்த ஊர் வழக்கப்படி செல்லமாகச் சொன்னார். எனக்கு முகம் சுட்டது. ஸாரி என்றேன், மறுபடி ஸாரி என்றேன், கோப்பையைத் துடைத்துக்கொண்டே மூன்றாவது முறையும் சொன்னேன். "இட்ஸ் ஒன்லி டீ!" என்று அவர் சிரித்தார். தேநீருக்காகத்தான் இவள் இப்படிக் கலங்குகிறாள் என்று நினைத்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டது அவரிடம் அல்ல, வீராம்பட்டினத்துக் கஸ்தூரியிடம்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். 'எ பிக் ஹவுஸ்' என்று நாம் படித்திருக்கிறோம். முதலில் 'எ', பிறகு பெரியதா சிறியதா என்கிற சொல், கடைசியில் வீடு. ஆனால் முன்னால் 'டூ', 'சோ', 'ஹவ்' போன்ற சொற்கள் வந்துவிட்டால், அந்தப் பெரியதும் சிறியதும் 'எ'யைத் தாண்டி முன்னால் போய் நின்றுகொள்ளும். 'டூ பிக் எ ஹவுஸ்' என்பார்கள், மார்கரெட் அம்மாள் 'டூ ஃபுல் எ கப்' என்றதைப் போல. இங்கே தெருவில் போகிற குழந்தைகூட அப்படித்தான் பேசுகிறது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஏழு வருடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திய எனக்கு அது தெரியாது.

புதுச்சேரியில் வெளிநாடு என்றால் பிரான்ஸ்தான். எங்கள் எதிர்வீட்டுக்காரர்கள் தாத்தா காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியவர்கள். அந்த வீட்டுப் பெண்கள் கோயில் வாசலில் 'மெர்ஸி, மெர்ஸி' என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கொஞ்சிக்கொள்ளும்போது நான் ஓரமாக நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு வாய்த்தது இங்கிலீஷ். அதை வைத்துத்தான் தெருவில் 'டீச்சர்' ஆனேன். அந்தப் பெயரின் மேல் எனக்கு இருந்த வெறியை இன்று நினைத்தாலும் கூசுகிறது. சனிக்கிழமை தோறும், அந்த வாரத்தின் பெரிய தப்பை எழுதியவரையே எழுப்பிப் பலகையில் எழுத வைப்பேன். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு திருத்துவேன். சிரித்தால் மறக்காது என்பது என் கொள்கை. நான் மட்டும் ஒருநாளும் அந்தப் பலகை முன் நின்றதில்லை.

கஸ்தூரிக்கு அப்போது என் வயதுதான், முப்பது. கடற்கரைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் அறைகள் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். ரிசப்ஷன் வேலைக்கு மாற வேண்டும், அதற்கு இங்கிலீஷ் வேண்டும் என்று வேலை முடிந்த களைப்போடு பஸ் பிடித்து வருவாள். ஒரு சனிக்கிழமை அவள் எழுதியிருந்தாள்: 'இட் இஸ் டூ ஸ்மால் எ ரூம்.' எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. பலகையில் எழுத வைத்தேன்.

"இன்னா கஸ்தூரி இது? மாப்ள இருக்க சொல்லோ தோழன் போயி மணையில உக்காந்துட்டானா?" என்று, 'எ'க்கு முன்னால் நின்ற 'ஸ்மால்'ஐத் தட்டிக் காட்டினேன்.

வகுப்பே சிரித்தது. அவள் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. "எங்க விடுதியில ஒரு வெள்ளக்கார அம்மா மூணு மாசமா தங்கியிருக்காங்க டீச்சர். அவங்க அப்டித்தான் சொல்லுவாங்க."

"அவங்க சொல்றது பேச்சு. நான் சொல்றது கிராமர். 'இட் இஸ் எ டூ ஸ்மால் ரூம்'னு இருவத்தஞ்சு வாட்டி திருத்தி எழுதிட்டு வா."

மறுநாள் கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தடித்த இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினேன். அவள் கண்ணில் தெரிந்த உறுதி என்னைச் சும்மா விடவில்லை. அரைப் பக்கத்தில் தெளிவாக இருந்தது. அவள் எழுதியதுதான் சரி. புத்தகத்தை மூடிவிட்டேன். அடுத்த வகுப்புக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ப் பலகையைத் துடைத்தேன். கஸ்தூரி நோட்டை நீட்டினாள். மணிமணியான கையெழுத்தில், நான் சொன்ன தப்பு இருபத்தைந்து முறை. தெரிந்தே சிவப்புப் பேனாவால் பெரிய டிக் போட்டு, கீழே 'குட்' என்றும் எழுதினேன். அவள் முகம் மலர்ந்தது. தெரியாமல் சொன்னதை யாரும் மன்னிப்பார்கள். அந்த டிக்கைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

இங்கே இல்லத்தில் ஒரு விதி. யார் எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார் என்று நாங்கள் ஏட்டில் எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கி மறைக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தப்பு வெளியே தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, எழுதியவரே பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். யாரும் சிரிப்பதில்லை. இரண்டு வருடத்தில் நான் அப்படி நூறு கோடுகளாவது போட்டிருப்பேன்.

மார்கரெட் அம்மாளின் தேநீருக்கு மறுநாள், எனக்கு விடுமுறை. பழைய மாணவி ஒருத்தியிடம் எண் வாங்கிக் கஸ்தூரியை அழைத்தேன். அங்கே மாலை நேரம்.

"டீச்சர்! நல்லாருக்கீங்களா? நான் ரிசப்ஷனுக்கு வந்துட்டேன் டீச்சர், நாலு வருஷம் ஆச்சு. எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான். முந்தாநாள்கூட புதுசா வந்த பொண்ணு ஒண்ணு 'டூ ஸ்மால் எ ரூம்'னு எழுதுச்சு. அந்த மாப்ள தோழன் கதையச் சொல்லித் திருத்திட்டேன். எல்லாரும் ஒரே சிரிப்பு!"

"கஸ்தூரி, அன்னிக்கு நீ எழுதினதுதான் சரி. நான்தான் தப்பு."

"பரவால்ல டீச்சர். அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

தப்பிக்க வழியை அவளே திறந்து வைத்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், நான் என்றைக்கும் அவளுக்கு டீச்சராகவே இருந்திருப்பேன்.

"மறுநாளே தெரியும் கஸ்தூரி."

அவள் பக்கம் ஒரு பைக் போகும் சத்தம் கேட்டது.

"அப்புறமா நோட்டுல டிக் போட்டீங்களே டீச்சர்?"

"கெஸ்ட்டு வந்துட்டாங்க, வெக்கிறேன்" என்று அவள் துண்டித்துவிட்டாள். வெகுநேரம் கழித்து ஒரு படம் மட்டும் வந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை. மூலை மடங்கிய நோட்டுப் பக்கம், இருபத்தைந்து வரிகள், குறுக்கே என் சிவப்பு டிக். இத்தனை வருடம் அவள் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை மார்கரெட் அம்மாளின் கோப்பையை ஓர் அங்குலம் குறைத்தே ஊற்றினேன். 'லவ்லி' என்று அவர் வாங்கிக்கொண்டார். ஏட்டில் நேரத்தைத் தப்பாக எழுதிவிட்டு, ஒற்றைக் கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். எவ்வளவு சுலபம்! நான் கோடு போட வேண்டிய பக்கம் வீராம்பட்டினத்தில் ஒரு வீட்டில் இருக்கிறது. பேனா இங்கே, என் சட்டைப் பையில் இருக்கிறது.