அழுத்தாத பெடல்

மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பு சொசைட்டியில், வெளியாட்கள் வளாகத்துக்குள் வண்டி வேலை செய்யக் கூடாது என்று ஒரு விதி வந்தது. தரையெல்லாம் எண்ணெய்க் கறை படிகிறது என்பது காரணம். வண்டிக்காரர் தம் கையாலேயே செய்துகொண்டால் தடையில்லை. வங்கியிலிருந்து ஓய்வுபெற்று, காலை பத்து மணிக்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த என் கணவருக்கு அந்த விதி ஓர் அழைப்பாகவே தோன்றியது. மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் காரின் பிரேக் ஆயிலைத் தாமே மாற்றப்போவதாக அறிவித்தார்.

அதுவரை அந்த வேலையைச் செய்துவந்தவர் தாராவியில் சிறிய ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஒரு மெக்கானிக்; மும்பை வழக்கில் மிஸ்திரி. திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் வந்து எங்கள் கட்டடத்தின் ஏழெட்டு வண்டிகளைப் பார்ப்பார். விதி வந்த பிறகு அவற்றைத் தம் இடத்துக்கு ஓட்டிச் சென்று, மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். அவருடைய வாரத்தில் நிச்சயமான வருமானம் என்று ஒன்று இருந்தால் அது எங்கள் கட்டடம்தான். இது எனக்கு அப்போதே தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

என் கணவரின் அறிவிப்பைக் கேட்டு அவர் முகம் சுளிக்கவில்லை. ஒரு டின் ஆயிலும், உள்ளே ஓடுவது தெரிகிற மெல்லிய குழாயும், பழைய தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்து, கேட்டுக்கு வெளியே நின்றபடி எங்கள் இருவருக்கும் பாடம் எடுத்தார்.

"சார் கீழ, அக்கா மேல. சார் 'பிடி'ன்னா அக்கா பெடல மிதிச்சுப் பிடிக்கணும். பிடிச்சாச்சுன்னு வாயத் தொறந்து சொல்லணும். அப்பத்தான் சார் சக்கரத்துக்குப் பின்னால இருக்க நிப்பிளத் தொறக்கணும், பழைய ஆயில் குழா வழியா வெளிய வரும். சார் மூடிட்டு 'விடு'ன்னு சொன்ன பொறவுதான் காலை எடுக்கணும். முன்னாலயே எடுத்தியன்னா காத்து உள்ள போயிரும்."

"அவ்வளவுதானே" என்றார் என் கணவர்.

"அவ்வளவுதான் சார். ஆனா புருசன் பொண்டாட்டி சேந்து இப்பிடி பிரேக்குல ஏர் எடுத்தா சண்ட வரும். எங்க வீட்டுல வந்திருக்கு."

சக்கரத்தின் அருகே படுத்திருப்பவருக்குப் பெடல் தெரியாது. இருக்கையில் இருப்பவருக்கு நிப்பிள் தெரியாது. இருவருக்கும் நடுவில் இருப்பது குரல் மட்டும்தான். பிற்பாடு இதைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கினோம். பின் இடது சக்கரம் முதலில்; பானட்டுக்குள் இருக்கும் பிரேக் எண்ணெய்க் குப்பியிலிருந்து அதுதான் மிகத் தொலைவு. என் கணவர் முட்டிவலியைப் பொருட்படுத்தாமல் பழைய பெட்ஷீட்டை விரித்துப் படுத்தார். ஜாக்கியில் தூக்கிய வண்டியில் நான் ஏறி உட்கார்ந்தேன். பிடி, பிடிச்சாச்சு, விடு. பிடி, பிடிச்சாச்சு, விடு. குழாயில் முதலில் தேநீர் நிறத்தில் பழைய எண்ணெய் வந்ததாகவும், மெல்ல வெளுத்துத் தேன் நிறமாக மாறுவதாகவும் அவர் கீழிருந்து செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியைக் கேட்டு வெகு நாளாயிற்று என்று எனக்குத் தோன்றியது. இரண்டு சக்கரங்கள் முடிந்தன. சக்கரத்துக்குச் சக்கரம் அவர் எழுந்து, பானட்டுக்குள் எட்டிப் பார்த்து, குறைந்த எண்ணெயை நிரப்பி, மறுபடி படுப்பதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று. அந்த இடைவெளிக்கென்று ஒரு நாவலைக் கொண்டுவந்திருந்தேன்.

முன் இடது சக்கரத்தில் அவர் "பிடி" என்றபோது நாவல் என் மடியில் திறந்தே இருந்தது. மிதித்தேன், பிடிச்சாச்சு என்றேன். கண் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது. பக்கத்தைத் திருப்பக் கையை நகர்த்தியபோது உடம்பு சற்றுப் பின்னால் சாய, கால் பெடலை விட்டு எழும்பிவிட்டது. "விடு" என்ற சொல் இன்னும் வரவில்லை.

"பிடிச்சிண்டிருக்கியா?" என்று கீழிருந்து கேட்டார். ஏதோ ஓர் ஐயம் அவருக்கு வந்திருக்க வேண்டும்.

"பிடிச்சிண்டுதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே காலை மறுபடி அழுத்தினேன். குழாயின் முனை அப்போதுதான் காலிசெய்த பாட்டிலில் எண்ணெயில் மூழ்காமல் நின்றிருந்தது என்பதும், அது எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் நான் பொய் சொன்னேன் என்பது தெரியும். ஐம்பத்தெட்டு வயதில், வேலை நேரத்தில் கதைப்புத்தகம் படித்துப் பிடிபட்ட பள்ளிக்கூடப் பெண்ணின் கூச்சம்தான் அந்தப் பொய்க்குக் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

நான்காவது சக்கரமும் முடிந்ததும் "பெடல் கெட்டியா இருக்கா?" என்றார். முன்பைவிடச் சற்று மெத்தென்றிருந்தது. "இருக்கு" என்றேன். அவரும் ஏறி உட்கார்ந்து நாலைந்து முறை வேகமாக மிதித்துப் பார்த்தார். அப்படி அடுத்தடுத்து மிதித்தால் காற்றுள்ள பெடலும் கொஞ்ச நேரம் கெட்டியாகிவிடுமாம். திருப்தியாகக் கை கழுவப் போனார்.

மறுநாள் காலை மாட்டுங்காவுக்குக் காய்கறி வாங்கக் கிளம்பினோம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கேட்டுக்கு ஒரு சிறு சரிவு. கேட்டைத் திறக்க வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து நான்கடி நடந்திருப்பார். என் கணவர் பிரேக்கை மிதித்தார்; பெடல் அடிவரை போயிற்று. மறுபடி மிதித்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வண்டி நின்றபோது, பிளாஸ்டிக் நாற்காலி எங்கள் பம்பருக்கும் சுவருக்கும் நடுவே இரண்டாக மடிந்திருந்தது.

வாட்ச்மேன் அதைச் சற்று நேரம் பார்த்தார். "குர்சி தோ கயீ, சாப்" என்றார்; நாற்காலி போய்விட்டது என்று. பிறகு சிரித்தார். எங்களால் சிரிக்க முடியவில்லை.

என் கணவர் வண்டியிலிருந்து இறங்கினார். அங்கேயே நின்று மிஸ்திரிக்குப் போன் செய்தார். "என்ன ஆயில் குடுத்தே நீ? ஒரு மனுஷன் செத்திருப்பான். தாராவியிலே வாங்கினா டூப்ளிகேட்தான் வரும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." நான் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன். தாராவி என்ற சொல் எங்கள் வீட்டு வாய்களிலிருந்து அந்தத் தொனியில் வருவதை வாழ்நாளெல்லாம் கேட்டிருக்கிறேன். அன்று அது எனக்கு வசதியாக இருந்தது. மதியத்துக்குள் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில், போலி எண்ணெய் என்றும், எல்லாரும் ஜாக்கிரதையாக இருக்கவும் என்றும், உடைந்த நாற்காலியின் படத்தோடு எழுதிவிட்டார்.

காலையில் எடுத்துப்போன வண்டிகளைத் திருப்பி விட மிஸ்திரி மாலையில் வந்தார். வண்டியைக் கேட்டுக்கு வெளியே தள்ளி வைக்கச் சொன்னார். என் கணவரைப் பெடலில் உட்காரவைத்துத் தாமே கீழே படுத்தார். புது டின் கொண்டுவரவில்லை. எங்களிடம் மீந்திருந்த அதே டின்னைக் கேட்டு வாங்கினார். அது ஏன் என்று எனக்கு உடனே புரிந்தது. முன் இடது சக்கரத்தில் குழாய்க்குள் குமிழ்கள் வரிசையாக வந்தன. மற்ற மூன்றிலும் ஒன்றுகூட இல்லை. கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றது.

"அதே ஆயில்தான் சார்" என்றார் எழுந்து.

"அப்போ காத்து எப்படிப் போச்சு? நீ சொன்னபடிதானே பண்ணினோம்."

மிஸ்திரி துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஒருமுறை பார்த்தார். குற்றம்சாட்டும் பார்வை அல்ல, கேட்கும் பார்வை. நான் கீழே, குழாயைப் பார்த்தேன்.

"நிப்பிள் லூசா இருந்திருக்கும் சார்" என்றார்.

என் பொய்க்கு அவர் தம் பொய்யைத் துணைக்கு அனுப்பினார். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

குழுவில் எழுதியதை என் கணவர் திருத்தவில்லை. எண்ணெயோ நிப்பிளோ, அந்த ஆளின் பொறுப்புதானே என்பது அவர் எண்ணம். அடுத்த ஞாயிறு மிஸ்திரி வந்தார். ஒரே ஒரு வண்டி கிடைத்தது. அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. லிஃப்டில் இரண்டாம் மாடிப் பெண்மணி, "நல்ல வேளை, உங்களால எங்களுக்குத் தெரிஞ்சுது" என்று எனக்கு நன்றி சொன்னாள். அந்த நன்றியோடு வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்றேன்.

"ஏன்னா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

முழுவதையும் கேட்டார்.  "நான் கேட்டேனே. பிடிச்சிண்டிருக்கியான்னு கேட்டேனே" என்றார் முடிவில். "கேட்டேள்." "வண்டியிலே நீயும்தானே உக்காந்திருந்தே, மறுநாள், பிரேக் பிடிக்காதப்போ."  பிறகு தம் போனை எடுத்து என் முன்னால் வைத்து, "நான் எழுதினதுக்குக் கீழேயே எழுது. உன் பேரைப் போட்டு எழுது" என்றார்.

எழுதினேன். எண்ணெயில் குறையில்லை, பெடலை விட்டது நான், மறைத்ததும் நான். ஆறு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். வாட்டர் டேங்க் சுத்தம் செய்வதைப் பற்றிய ஒரு செய்தி அதன் மேல் வந்து விழுந்தது. அப்போதுதான் உறைத்தது: சொல்லவேண்டிய ஒருவர் அந்தக் குழுவிலேயே இல்லை.

மறுநாள் தனியாகத் தாராவிக்குப் போனேன். அவர் ஒரு டாக்ஸியின் அடியிலிருந்து வெளியே வந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் நின்றுகொண்டே சொன்னேன். வழியெல்லாம் அழகாகக் கோத்துவைத்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை; பெடலை விட்டுட்டேன், உங்க மேல பழி விழும்போது பேசாம நின்னேன், என்று அவ்வளவுதான் வந்தது.

"குமிழி பாத்தப்பவே தெரியுங்க்கா" என்றார். "நீங்க சொல்லுவியன்னு ஒரு வாரம் பாத்தேன். அதுக்குப் பொறவு தேவ்நார்ல ஒரு பில்டிங்ல பேசி முடிச்சுட்டேன். ஞாயித்துக்கெழம இப்பம் அங்கதான்."

எங்கள் கட்டடத்துக்கு மறுபடி வருவீர்களா, எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் என்றேன். எனக்கே அது பேரம் போலக் கேட்டது.

"கூப்பிடுதாங்க, ரெண்டு பேரு. பாக்கலாம்" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. டீ சொல்லட்டுமா என்று கேட்டார்; வேண்டாம் என்றேன். சந்தின் முனை வரை கூடவே நடந்து வந்து, சயானுக்குப் போகிற பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கையைக் காட்டிவிட்டு, வேலை கிடக்கிறது என்று திரும்பிப் போனார்.