முதலாம் வகுப்பைப் பிரித்த கதை

கோபன்ஹேகனில் ஒரு யூத ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் வேலை செய்கிறேன். யூதர் முறைப்படி இறைச்சியும் பாலும் கலக்கக்கூடாது என்பதால் அங்கே இறைச்சிப் பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, பால் பாத்திரம் கழுவ இன்னொன்று. துடைக்கும் துணிகூட ஒன்று சிவப்பு, மற்றது நீலம். புதிதில் பயந்தேன், இரண்டு கிழமையில் பழகிவிட்டது. ஆனால் இருபத்தாறு பிள்ளைகளை ஏ, பி என்று இரண்டு வகுப்பாகப் பிரிக்கும் வேலை அந்தப் பள்ளியில் இன்னும் யாருக்கும் பழகவில்லை.

பிள்ளைகள் முதலாம் வகுப்புக்குப் போகுமுன் வீடுகளுக்கு ஒரு தாள் போகும். 'உங்கள் பிள்ளை யாரோடு இருக்க விரும்புகிறார்? ஒரு பெயர் எழுதவும்.' சின்னச் சமூகம். எல்லோரும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். அதனால் பெற்றோர் பிள்ளையைக் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை விருந்துக்கு எந்த வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறதோ, அந்த வீட்டுப் பிள்ளையின் பெயரை எழுதிவிடுவார்கள்.

சிரிக்க எனக்கு உரிமை இல்லை. நகரை அடுத்த ஹ்விடோவ்ரேயில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்களின் பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி இருத்தியதில் ஒன்பது பிள்ளைகளுக்கு நான்கு வகுப்புகள் வந்துவிட்டன. 'ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கவனம்' என்று ஆண்டு விழாவில் பெருமையாகச் சொன்னார்கள். நானும் கை தட்டினேன்.

ஒரு வருடம், முதலாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பில் இஸ்ரேலிலிருந்து ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். டேனிஷ் தெரியாது. ஹீப்ரு தெரிந்த இன்னொரு சிறுமியின் காதுக்குள் மட்டும் பேசுவாள். அந்தத் தோழி என்னிடம் வந்து, "அவவுக்கு உருளைக்கிழங்கு வேணுமாம், சோஸ் வேண்டாமாம்," என்பாள். சொல்வது டேனிஷில்தான், என் காதில் எல்லாமே யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். தோழி வராத நாளில் புதியவள் தட்டை நீட்டவே மாட்டாள். பசியோடு இருந்துவிடுவாள்.

மே மாதத்தில் ஒருநாள் ஆசிரியர் அறையில் கோப்பைகளை எடுக்கப் போனபோது மேசையில் முதலாம் வகுப்புகளுக்கான புதுப் பட்டியல் கிடந்தது. தோழி ஏயில், புதியவள் பியில்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"உமக்கேன் உந்த வேலை? கழுவுறதைக் கழுவிப்போட்டு வாரும்," என்றார்.

"அந்தப் பிள்ளை சாப்பிடாதப்பா."

"அப்ப போய்ச் சொல்லுமன்."

அதுதானே கஷ்டம். பத்து வருடத்தில் தலைமையாசிரியையிடம் நான் சொன்ன மிக நீளமான வசனம், 'கோப்பி முடிஞ்சுது' என்பதுதான். இரண்டு நாள் அவருக்குக் கோப்பியை ஊற்றிவிட்டுப் பேசாமல் நின்றேன். மூன்றாம் நாள் கோப்பை நிரம்பி வழிந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். வேறு வழியின்றிச் சொல்லிவிட்டேன்.

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?" என்றார்.

"என்னட்டை ஒருத்தரும் தாள் தரேல்லை."

அவர் சிரித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். புதியவளின் பெற்றோருக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. தாளை வெறுமையாக அனுப்பியிருந்தார்கள். தோழியின் தாயோ தன் மைத்துனியின் மகளை எழுதியிருந்தார். "ஒரு பிள்ளையை மற்ற வகுப்புக்கு இழுத்தனெண்டால் மூண்டு தாய்மார் வருவினம்," என்றார் தலைமையாசிரியை.

ஆனாலும் இழுத்தார். மூன்று பேர் அல்ல, ஐந்து பேர் வந்தார்கள். அலுவலகத்தில் சொல்லி முடியாததைச் சமையலறையில் நின்று என்னிடம் சொன்னார்கள். யாரோ தங்கள் சொந்தக்காரருக்காகப் பட்டியலை மாற்றிவிட்டார்களாம். நான் அப்படியா என்ற முகத்தோடு எல்லோருக்கும் கோப்பி கொடுத்தேன்.

ஆகஸ்டில் இருவரும் ஏ வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். சரியாக ஏழு கிழமை. பிறகு ஒரு மதியம், யார் சன்னலோரம் இருப்பது என்று சாப்பாட்டு மேசையில் பெரிய சண்டை. தோழி அழுதுகொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

இனி இவள் தட்டை நீட்டமாட்டாள் என்று நினைத்தேன். புதியவள் முகம் சிவக்க நேரே என்னிடம் வந்து தட்டை நீட்டினாள்.

"உருளைக்கிழங்கு தாங்கோ. அவ எனக்கு இனிக் கூட்டாளி இல்லை. சோஸும் விடுங்கோ," என்றாள்.

சண்டை முழுவதும் டேனிஷில்தான் நடந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கரண்டி கூடுதலாகவே போட்டேன்.