சும்மா வந்த கரண்ட்

மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க அப்பா உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தென்னந்தோப்புக்குப் போனார். அப்பா கோயமுத்தூர்க்காரர். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் என்பதில், ஏதோ பட்டம் வாங்கியவரைப் போல ஒரு கர்வம் அவருக்கு. அங்கே என் வருங்கால மாமனார், வந்த காரியத்தைக் கேட்கும் முன்பே ஒரு சொம்புக் கிணற்றுத் தண்ணீரை நீட்டினார். தபால்காரர் வந்தாலும் தாசில்தார் வந்தாலும் அவருக்கு அதுதான் முதல் மரியாதை. அப்பா அண்ணாந்து குடித்தார், இன்னொரு சொம்பு கேட்டார், கல்யாணத்தைப் பேசி முடித்துவிட்டு வந்தார். பையன் எப்படி என்று அம்மா கேட்டதற்கு, "பையன் பரவால்ல. தண்ணி இருக்குது பாரு, கல்கண்டு" என்றார். என் கணவருக்கு இன்றுவரை இதில் வருத்தம் உண்டு.

அந்தக் கிணறு மாமனாருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. ஒருநாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. மோட்டாருக்கு மீட்டர் ஓடிய காலத்தில், கடைசி மரத்துக்குப் பாய்ந்ததுமே நிறுத்த ஓடுவார்களாம். "செருப்புக்கூடப் போட மாட்டாரு கண்ணு, உங்க மாமா. அப்படி ஓடுவாரு" என்பார் மாமியார். அப்புறம் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மருமகளாகப் போனபோது, பழைய மீட்டர் பெட்டிக்குள் ஒரு குருவி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

அந்த இலவசத்தை முழுக்கத் திட்ட எனக்கு வாய் வராது. விவசாயி நொடிந்துபோய்க் கிடந்தான், கொடுத்தார்கள். ஆனால் கரண்டைக் கொடுத்தவர்கள் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று யோசிக்கவில்லை. வாங்கியவர்களும் யோசிக்கவில்லை. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், வந்ததும் மோட்டார் தானாக ஓடுவதற்கு வீட்டுக்கு வீடு ஆட்டோமேட்டிக் சுவிட்ச் மாட்டினார்கள். நாங்கள் தாராபுரத்தில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருப்போம், இங்கே மோட்டார் ஆளில்லாத தோப்புக்கு இறைத்துக்கொண்டிருக்கும். ஐப்பசி மழையிலும் ஓடியது.

"மாமா, மழை பேயுதுங்க. மோட்டார நிறுத்திரலாங்களா?"

"எதுக்கு அம்மணி? கரண்ட்டு சும்மாதான வருது. உட்டா வீணாப் போயிரும்."

இதைச் சொன்னவர் ஊதாரி இல்லை. விழுந்த தென்னை மட்டையைக்கூட வீணாக விடாதவர். வந்த கரண்டை ஓடவிடாமல் இருப்பது அவர் கணக்கில் சோற்றைக் குப்பையில் கொட்டுவது மாதிரி. அந்தச் சிக்கனத்தால்தான் கிணறு காலியாகிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோப்பில் அண்ணனும் அதே சிக்கனக்காரர்.

இதற்கு நடுவே ஓர் அதிகாரி வந்து, எங்கள் மோட்டார் ரூம் சுவர் ரோட்டைப் பார்த்து இருப்பதால் அதில் விளம்பரம் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக எழுதுங்கள் என்று மாமனார் அவருக்கும் ஒரு சொம்பு கொடுத்தார். மேல் வரியில் 'நீரே உயிர்', கீழ் வரியில் 'சேமிப்பீர்' என்று நீலப் பெயிண்டில் எழுதினார்கள். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து அந்தச் சுவர் எப்போதும் ஓதம் காத்துக் கிடந்ததால், காரை கீழிருந்து உதிர்ந்தது. முதலில் போனது 'சேமிப்பீர்'தான்.

ஒரு நாடு கெட்டுப்போக எதிரி படையெடுத்து வரவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். எங்கள் பக்கத்தில் ஓர் அரசாங்க உத்தரவும் ஓர் ஆட்டோமேட்டிக் சுவிட்சும் போதுமாக இருந்தன.

கிணற்றில் யாரும் அதுவரை பார்த்திராத படிகள் வெளியே வந்தன. உடனே பாங்கில் போர்வெல் போடக் கடன் கொடுத்தார்கள். அதாவது, இன்னும் ஆழத்திலிருந்து உறிஞ்சுவதற்கு. உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் வந்து, "ஊத்து உங்கண்ணன் தோப்புல இருந்துதானுங்க வருது" என்று மாமனாரிடம் சொன்னார். அங்கே போய், "உங்க தம்பி தோப்புல இருந்துதானுங்க வருது" என்றார். இருவரும் சந்தோஷமாகக் காசு கொடுத்தார்கள். அண்ணன் போட்டால் தம்பி இன்னும் ஆழம் போட்டார், தம்பி போட்டால் அண்ணன். பார்க்கும்போதெல்லாம், "ஏனுங்கண்ணா, தண்ணி எப்படீங்க?" "பரவால்லடா தம்பி, உனக்கு?" "எனக்கும் பரவால்லீங்கண்ணா" என்று பேசிக்கொள்வார்கள். இருவரும் சொன்னது பொய்.

ஆழத்தில் கிடைத்த கொஞ்சநஞ்சத் தண்ணீரும் உப்பு. அதில் பருப்பு வேகவில்லை. வந்தவர்களுக்கு மாமனார் இளநீர் வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். உபசாரம் பலமாகிவிட்டது என்று அவர்கள் பூரித்துப்போனார்கள். ஆனால் அவருடைய கௌரவம் முழுக்க அந்தச் சொம்பில் இருந்தது.

அந்தக் கோடையில் அப்பா வருவதாகச் சொல்லி அனுப்பினார். அன்று காலையிலேயே மாமனார் மொபெட்டின் பின்னால் ஒரு குடத்தைக் கட்டிக்கொண்டு, உடுமலையில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்க் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்தார். பாதி வழியில் சிந்தியிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் குடத்தை இறக்கி வைத்தார்.

அப்பா வந்தார். இளநீர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "சம்பந்தி, எனக்கு அந்தக் கெணத்துத் தண்ணி போதுமுங்க" என்றார்.

மாமனார் தன் கையாலேயே சொம்பை நீட்டினார். அப்பா அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதே தண்ணீங்க. கல்கண்டாட்டம். எங்க சிறுவாணியெல்லாம் பக்கத்துல வராதுங்க."

சிறுவாணி நாக்கின் லட்சணம் அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. மாமனாருக்கு வரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தோப்பில் கிணற்று மோட்டார் தானாகக் கிளம்பி, இறைக்க ஒன்றுமில்லாமல் வெறுமனே ஊளையிட்டது. மாமனார் எழுந்தார். செருப்புக்கூடப் போடாமல் வேகமாகப் போய் அதை நிறுத்திவிட்டு வந்தார். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் மோட்டாரை நிறுத்தி அன்றுதான் பார்த்தேன்.

"ஏனுங்க சம்பந்தி, நிறுத்திப்போட்டீங்க? சும்மா வர்ற கரண்ட்டுதானுங்களே?" என்றார் அப்பா.

மாமனார் சொம்பில் மீதியிருந்த தண்ணீரை என்னிடம் நீட்டி, "கொட்டிப்போடாத அம்மணி, உள்ள கொண்டுபோயி மூடி வையி" என்றார்.