இரண்டு வீடு, ஒரு நடுச்சுவர்

திருவாதவூரில் டீ குடிக்க நின்ற இடத்துக்கு எதிரே இரண்டு கல்வீடுகள் ஒட்டிப் பிறந்தவை போல நிற்கின்றன. வாசல் இரண்டு, நடுச்சுவர் ஒன்றுதான். நான் வாய் பிளந்து பார்ப்பதைக் கண்டு வீட்டுக்காரர் உள்ளே கூப்பிட்டுக் காட்டுகிறார். அவ்வளவு பெரிய கல்சுவரில் ஓரிடம் மட்டும் செங்கல்.

“இது என்னண்ணே?”

“வெளக்கு மாடம். ரெண்டு பக்கமும் தொறந்திருக்கும். ஒத்த வெளக்கு ஏத்துனா ரெண்டு வீட்டுக்கும் வெளிச்சம். சித்தப்பா வீட்டோட சண்டையாகி நாங்க இந்தப் பக்கம் அடைச்சோம். அவுகளும் அந்தப் பக்கம் அடைச்சுட்டாக.”

செங்கல்லைத் தட்டிப் பார்க்கிறேன். உள்ளே வெற்றிடம் என்று சத்தமே சொல்கிறது.

“அப்ப அந்த விளக்கு யார்கிட்ட இருக்கு?”

“பொது வெளக்குல்ல? நாங்க எடுத்தாலும் வம்பு, அவுக எடுத்தாலும் வம்பு. உள்ளயேதான் இருக்கு.”